தெரியாதவருக்கு நடித்துக் காட்ட வேண்டும்

ஏப்ரல் 7, திங்கள்

மருந்துக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இத்தனை நாள் டிவிக்கு அடியில் கிடந்தது. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கு நடந்திருக்கிறது. என் மனைவி உலகம்மாள் ஆங்கிலம் படிக்கப் போய்விட்டாள்.

முப்பத்துமூன்று வருஷம் இந்தத் தென்காசியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். தெய்வசிகாமணி சார் என்றால் இன்றைக்கும் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அறுபது வயதில் கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக அடுத்த தெரு மாடிக்குப் போகிறாள். அங்கே சமீமா என்கிற பெண் 'பெண்களுக்கான பேச்சு ஆங்கிலம்' நடத்துகிறாளாம். சமீமா யார்? என்னிடம் படித்தவள்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக்குடுத்தா எனக்குப் பயமா இருக்கும். பயந்துக்கிட்டே படிச்சா மண்டையில ஏறாதுங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் கழித்து வருகிற பயம்!

எதற்காகப் படிக்கிறாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் குழல்வாய்மொழி, வீட்டில் மொழி, கனடாவில் இருக்கிறாள். ஜூலையில் இரண்டாவது பிரசவம். ஒத்தாசைக்கு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். மூத்த குழந்தை ஆதிரைக்கு ஐந்து வயது, ஆங்கிலம்தான் பேசுவாள். பேத்தியோடு பேச ஆங்கிலம் வேண்டும், சரி. ஆங்கிலம் பேசுகிற தாத்தா ஒருவன் இங்கே சும்மாதானே இருக்கிறான்? விசா ஒரு ஆளுக்குத்தான் வந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை இருப்பதால் இன்சூரன்ஸ் சிக்கல் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் நாளை வருகிறானாம். 'நாளை' என்றால் அவன் அகராதியில் அடுத்த வாரம்.

உலகம்மாள் வகுப்பில் இன்று என்ன படித்தாள் என்று விசாரித்தேன். விளையாடினார்களாம். பந்தை எறிந்து 'கோ' என்று ஒருத்தி சொன்னால், பிடிக்கிறவள் 'வென்ட்' என்று சொல்ல வேண்டுமாம். தையல்கடை வடிவு பந்தை ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டுவிட்டாளாம். இதைச் சொல்லும்போது இவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பந்து பிடிக்கவா அவளுக்குப் பீஸ் கட்டுதே?"

"'கேட்ச்'சுக்கு 'காட்' வரும்னு அதுலதான் படிச்சேன்" என்றாள். பதில் மட்டும் உடனே வருகிறது.

ஏப்ரல் 12, சனி

வீடு முழுக்கச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். கிரைண்டரில் 'கிரைண்ட்'. அரிசி டப்பாவில் 'சோக்'. கதவில் 'ஓப்பன்', அதற்குக் கீழேயே 'க்ளோஸ்'. துணி காயப்போடும் கயிற்றில்கூட ஒன்று கிளிப் போட்டுத் தொங்குகிறது. என் சாய்வு நாற்காலியில் எதுவும் இல்லையே என்று பார்த்தேன். அதில் நடக்கிற வேலை ஒன்றும் இல்லை என்று நினைத்தாளோ என்னவோ.

சாயங்காலம் வீட்டுப்பாடம் செய்ய ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்தாள். ஒருவர் ஒரு வினைச்சொல்லைப் பேசாமல் நடித்துக் காட்ட, மற்றவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முற்றத்தில் நின்று இரண்டு கையாலும் காற்றை முறுக்கினாள். "ரிங், ரங், ரங்" என்றேன், துணி பிழிவது. கை தட்டினாள். எனக்கு யாரும் கை தட்டி ரொம்பக் காலமாகிறது.

பிறகு என்னை நடிக்கச் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தெரியாத வார்த்தைன்னா நீங்கதான் நடிச்சுக் காட்டணும். அதான் எங்க கிளாஸ்ல சட்டம். தெரியாதவங்களுக்குத் தெரிஞ்சவங்க நடிச்சுக் காட்டணும். அவங்களுக்குப் புரியிற வரைக்கும் காட்டணும்."

"அப்போ தோத்தவங்க யாரு?"

"யாருமில்லை."

தோற்கிற ஆள் இல்லாவிட்டால் அதற்குப் பேர் விளையாட்டா? இந்த வயதில் நான் முற்றத்தில் குரங்காட்டம் ஆடணுமாம். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

விளையாட்டு வைத்து வினைச்சொல் நடத்துவதை இந்தச் சமீமாதான் கண்டுபிடித்தது போல உலகம்மாள் பேசுகிறாள். என் வகுப்பில் விளையாட்டு இல்லையா? சங்கிலி விளையாட்டு என்று பேர். ஜில்லாவிலேயே பேசப்பட்டது.

நான் ஒரு வினைச்சொல் சொல்வேன். முதல் பெஞ்சில் இருந்து ஒவ்வொருவராக அதன் மூன்று வடிவத்தையும் சொல்ல வேண்டும். தெரியாதவன் எழுந்து நிற்பான். சங்கிலி அடுத்தவனிடம் போகும். யார் சரியாகச் சொல்கிறானோ அவன் வரிசையாகப் போய் நிற்கிறவர்கள் தலையில் எல்லாம் ஒரு குட்டுக் குட்டிவிட்டு முதல் பெஞ்சில் உட்காரலாம். நான் கையை ஓங்குவதே இல்லை. பிள்ளைகளே பிள்ளைகளைத் திருத்திக்கொள்வார்கள். சினேகிதன் என்று பார்த்து மெதுவாகக் குட்டினால் மட்டும் நான் இறங்கி வருவேன். குட்டு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று மெதுவாகக் குட்டினவன் தலையிலேயே காட்டிக் கொடுப்பேன். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒருத்தன் ஃபெயில் ஆனதில்லை. இதைவிட என்ன வேண்டும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் கனடாவிலிருந்து அழைப்பு. மொழி அழைத்தால் உலகம்மாள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள். இங்கே சிக்னல் சரியில்லையாம்.

மொழி என்னோடு பேசுவதில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். "அப்பா நல்லா இருக்காங்களா?" என்று அம்மாவிடம் கேட்கிறாள். "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று நானும் சொல்லியனுப்புகிறேன். இதுவும் பேச்சுதான். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்தே இப்படித்தான். கல்யாணத்தன்று என் காலில் விழுந்து எழுந்தாள், வாய் திறக்கவில்லை. கூச்ச சுபாவம்.

இன்றைக்குப் பேச்சுவாக்கில் ஒன்று தெரிந்தது. சமீமா வகுப்பில் அம்மாவைச் சேர்த்துவிட்டதே மொழிதானாம். இரண்டு பேரும் பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்களாம். கடல் தாண்டி இருப்பவள் அடுத்த தெருவுக்குப் போன் போட்டு அம்மாவுக்கு வாத்தியார் பிடித்திருக்கிறாள். வீட்டிலேயே ஒரு வாத்தியார் இருப்பது ஞாபகம் வரவில்லை போல.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் கைலாசம் வந்திருந்தார். மகன் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் இவர் கால் இங்கே தரிப்பதில்லை. கங்காருவைப் பற்றி ஒரு மணி நேரம். கிளம்பும்போது, "அண்ணாச்சி, உங்களை எப்பம் கூப்பிடுதா மொழி?" என்றார்.

"சுகர் குறையட்டும்னு பார்க்குதேன்" என்றேன்.

"எனக்கும்தான் சுகர் இருக்கு. அதுக்கென்ன, மாத்திரையைக் கட்டிக்கிட்டுப் போயிர வேண்டியதுதான்."

மனுஷனுக்கு வாய் ஜாஸ்தி. அவர் குடித்த காப்பிக்குச் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கலாம்.

மே 4, ஞாயிறு

இன்று போன் கூடத்திலேயே பேசினார்கள். மழையில் கொல்லைப்புறம் போக முடியவில்லை. உலகம்மாள் ஆதிரையோடு விளையாடினாள். 'பாட்டி சொல்றா' என்று ஒரு விளையாட்டு. 'பாட்டி சொல்றா, ஜம்ப்' என்றால் குதிக்கணும். வெறும் 'ஜம்ப்' என்றால் குதிக்கக் கூடாது. குழந்தை அங்கே குதிக்கிறது, இவள் இங்கே குதிக்கிறாள், ஷோகேஸில் டம்ளரெல்லாம் ஆடுகிறது. இவளுடைய ஆங்கிலம் அப்படியொன்றும் சரியில்லை. 'யூ ஜம்ப்பு, ஐ ஆல்சோ ஜம்ப்பு' என்கிறாள். குழந்தைக்கு அது தெரியவில்லை, விழுந்து விழுந்து சிரிக்கிறது.

திருத்தலாம் என்று போனுக்கு முன்னால் போனேன். குழந்தை, "தாத்தா!" என்றது. உடனே போன் அங்கே யார் கைக்கோ மாறியது. படத்தில் கூரையும் ஒரு விசிறியும் தெரிந்தன. பிறகு நெட் போய்விட்டது என்றார்கள்.

மே 9, வெள்ளி

ரேஷன் கடையில் சமீமாவைப் பார்த்தேன். முக்காடு போட்ட வளர்ந்த பெண், எனக்கு அடையாளமே தெரியவில்லை. "சார்" என்று சொல்லிவிட்டு ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

"உன் கிளாஸை நான் ஒருநாள் வந்து பார்க்கணுமே" என்றேன்.

கையிலிருந்த ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இருபத்தஞ்சாம் தேதி இந்த பேட்ச் முடியுது சார். அன்னைக்கு வாங்க" என்றாள். சீஃப் கெஸ்ட் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் வேறென்ன அர்த்தம்?

மே 10, சனி

"நீங்க எதுக்குங்க அங்க?" என்று உலகம்மாள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குப் போட்டேன்.

மே 25, ஞாயிறு

விழா முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். பதினைந்து இருபது பெண்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு விளையாட்டுகள். ஒருத்தி பூரி தேய்ப்பதாக நடித்தாள், இன்னொருத்தி ஊசியில் நூல் கோத்தாள். மற்றவர்கள் 'ரோல்!', 'த்ரெட்!' என்று கத்தினார்கள். தெரியாமல் முழித்தவளுக்கு நாலு பேர் சேர்ந்து நடித்துக் காட்டினார்கள். எல்லாருக்கும் வாயெல்லாம் பல். உண்மையைச் சொன்னால், வார்த்தைகள் அவர்களுக்கு வந்துதான் இருந்தன. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

வடிவுதான், "சார், நீங்க ஒரு கேம் வைங்க" என்றாள். சமீமா, "நேரமாயிட்டு, டீ வந்துட்டு" என்றாள். நான் எழுந்துவிட்டேன். சங்கிலி விளையாட்டைச் சொல்லிக் கொடுத்து வட்டமாக உட்கார வைத்தேன். குரல் பழையபடி வந்தது. எனக்கே ஆச்சரியம். மூன்று நாலு பேர் டக் டக்கென்று சொன்னார்கள்.

'ப்ரிங்' உலகம்மாளிடம் வந்தது. வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். என் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் கையால் காட்டினேன், எழுந்து நின்றாள். அடுத்து வடிவு. "ப்ரிங், ப்ராட், ப்ராட்!" என்றாள் உற்சாகமாக.

"ம். குட்டு" என்றேன்.

அது தானாக வாயில் வந்தது. முப்பத்துமூன்று வருஷப் பழக்கம். வடிவு சிரித்துக்கொண்டே, "ஐயோ, அக்கா தலையில நான் எப்படி சார்?" என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். "விளையாட்டுன்னா விளையாட்டுதான்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. உலகம்மாள் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு நின்றாள். வடிவு அவளையும் என்னையும் பார்த்தாள், கையைத் தூக்கவில்லை. எனக்கு எதிரே நின்ற சமீமாவின் கை மெல்ல மேலே போய் உச்சந்தலையை மூடிக்கொண்டது. முக்காடு சரிந்திருக்கும், சரிசெய்தாள்.

"டீ ஆறுது. எல்லாரும் எடுத்துக்கோங்க" என்றாள் பிறகு. மைசூர்பாகும் காராச்சேவும். மைசூர்பாகு கல் மாதிரி இருந்தது.

மே 26, திங்கள்

பொன்னாடையைக் காணோம். பார்த்தால் கிரைண்டரை மூடப் போட்டிருக்கிறாள்.

நேற்று மாடியிலிருந்து இறங்கினதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அவரைக்காய் நறுக்கும்போது பேசினாள். தலை நிமிராமலே பேசினாள்.

"மொழி உங்களை ஏன் கூப்பிடலைன்னு ஊரெல்லாம் சுகர்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு நிஜமாத் தெரியாதா?"

"தெரியாது."

"அவ தலையில கிளாஸே குட்டிச்சே, அன்னைக்குச் சாயங்காலம் அவ தலை சீவவே விடலை. சீப்பு பட்டாலே கத்துனா. நீங்க இந்தா இந்தத் தூண்ல சாஞ்சுக்கிட்டுப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீங்க. என்னன்னு கேட்கலை. நானும் உங்களைக் கேட்கலை. கேட்டிருக்கணும்."

அது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மொழிக்கு எல்லா வினைச்சொல்லும் தெரியும், வாத்தியார் மகளாயிற்றே. அதனால் தினமும் அவள்தான் குட்ட வேண்டியிருக்கும். அவள் குட்டினால் பூ விழுந்த மாதிரி இருக்கும். நான் முறைப்படி அவள் தலையில் காட்டிக் கொடுப்பேன். ஒருநாள் 'கோ'வுக்கு அவள் பதில் சொல்லவில்லை. 'கோ'வுக்கு! தெரியாதவர்களோடு போய் நின்றுகொண்டாள். என்னை முட்டாளாக்குகிறாள் என்று மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. என் மகள் என்பதற்காகச் சலுகை காட்டினால் வகுப்பு என்ன நினைக்கும்? எல்லாரையும் வரிசையில் வரச் சொன்னேன். சமீமா அழுதுகொண்டே குட்டினாள். தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

"நான் யாருக்கும் பாரபட்சம் பார்த்ததில்லை" என்று உலகம்மாளிடம் சொன்னேன்.

"அதைத்தான் அவளும் சொல்லுதா" என்றாள்.

அவரைக்காய் பொரியலில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டமாம். துணி காயவில்லை. இட்லிப்பொடி, வத்தல், பிரசவ மருந்து எல்லாம் பெட்டியில் ஏறிக்கொண்டிருக்கிறது. என்னிடம் எதுவும் கொடுத்துவிட இருக்கிறதா என்று உலகம்மாள் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 9, திங்கள்

யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 11, புதன்

நேற்று திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது கார் ஜன்னலைத் திறந்து வைத்து, பார்க்கிற எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். மரம் 'ஷேக்', லாரி 'கம்', மாடு 'ஈட்'. டிரைவரும் சேர்ந்துகொண்டான். நான் ஒரு தவறைக்கூடத் திருத்தவில்லை.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். காவல்காரர் ஏதோ கேட்டார். எல்லாம் மறந்து திகைத்து நிற்கப் போகிறாள் என்று நினைத்தேன். பெட்டியைக் காட்டினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், தூக்குவது போல நடித்தாள், உதட்டைப் பிதுக்கினாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி மேடையில் வைத்தார். இலக்கணம் ஏதும் தேவைப்படவில்லை.

உள்ளே போகும் முன் திரும்பிப் பார்த்துக் கை அசைத்தாள். நானும் அசைத்தேன். கண்ணாடியில் வெயில் அடித்ததால் அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

ஜூன் 14, சனி

வீட்டில் சத்தமே இல்லை. அரிசி டப்பாவில் 'சோக்' என்று இருந்தது, ஊறப் போட்டேன். கிரைண்டரில் 'கிரைண்ட்' என்று இருந்தது, அரைத்தேன். எவ்வளவு தண்ணீர் என்று ஒரு சீட்டிலும் எழுதவில்லை. தோசை கல்லைவிட்டு வர மாட்டேன் என்கிறது.

சீட்டுகளைக் கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். பசை உரியவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

கைலாசம் வந்தார். நான் காப்பி போடுவதைப் பார்த்து, "பழகிட்டீயளே அண்ணாச்சி" என்றார். கேலியா பாராட்டா தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

முற்றத்தில் குதித்துப் பார்த்தேன். ஒரே ஒரு தரம். முட்டி வலிக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். உலகம்மாள் போனில் படம் அனுப்பியிருந்தாள். குழந்தைக்குத் தலை நிறைய முடி, மொழி பிறந்தபோது இருந்த மாதிரியே. மொழியின் கை மட்டும் அந்தப் படத்தில் இருக்கிறது. குழந்தையின் உச்சியில் வைத்திருக்கிறாள்.

தெருவில் எல்லாருக்கும் லாலா கடை அல்வா கொடுத்தேன். சமீமா வீட்டுக்கும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சார், கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போய் ஒரு பாத்திரத்தில் நோன்புக்கஞ்சி மாதிரி ஏதோ சூடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். "தனியா இருக்கீங்கன்னு மொழி சொன்னா" என்றாள்.

மொழி சொன்னாளா? எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று கேட்க நினைத்தேன். பாத்திரம் சுட்டது, வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

உலகம்மாளிடம் கேட்டுவிட்டேன். "அவ என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

"சாப்பிட்டாங்களான்னு கேட்டா."

"அது எப்பவும் கேட்குறதுதானே. வரச் சொல்லிக் கேட்டாளான்னு கேட்டேன்."

குழந்தை அழுகிறது என்றாள். அழவில்லை என்றாலும் இவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆதிரை உங்களோட விளையாடணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. ஞாயித்துக்கிழமை காலையில போனைப் பக்கத்துல வச்சுக்கோங்க" என்றாள். "ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. திருத்தாதீங்க."

ஜூலை 26, சனி

போன ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை. குழந்தைக்குச் சளியாம். நாளைக்கு வரும். சவரம் செய்துகொண்டேன். வெள்ளை வேட்டி நானே இஸ்திரி போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

வந்தது. காலை ஏழு மணிக்கு. அங்கே சனிக்கிழமை சாயங்காலம்.

போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து முற்றத்தில் நின்றேன். படத்தில் உலகம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆதிரை நடுவில். பின்னால் சோபாவில் யாரோ பச்சைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், முழங்கால் மட்டும் தெரிந்தது. யாரோ என்ன, மொழிதான்.

முதலில் 'பாட்டி சொல்றா'. 'பாட்டி சொல்றா, ஜம்ப்' என்றாள் ஆதிரை. குதித்தேன். 'ஹாப்' என்றாள். ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். "நோ நோ! ஐ டிடின்ட் சே 'பாட்டி சொல்றா'!" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன சிரிப்பு! எத்தனையோ வருஷம் வகுப்பு எடுத்திருக்கிறேன், என் முன்னால் ஒரு குழந்தை இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றே எழுதுகிறேன்.

பிறகு நடிக்கிற விளையாட்டு. அவள் நடிக்க நான் சொல்ல வேண்டும். பல் தேய்த்தாள், சொன்னேன். தூங்கினாள், சொன்னேன். பிறகு குனிந்து இரண்டு கையாலும் எதையோ அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசினாள். "டிக்" என்றேன். "நோ." "த்ரோ." "நோ." மறுபடி மறுபடி அள்ளி வீசினாள். "லிஃப்ட்." "நோ, தாத்தா!" அங்கே வாசலில் கொட்டுகிற பனியை அள்ளித் தள்ளுவதாம், 'ஷவல்' என்று பிறகு உலகம்மாள் சொன்னாள். தென்காசியில் பனி ஏது? எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆதிரை இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தாள். உலகம்மாள் பார்த்தாள். சோபாவில் இருந்த முழங்கால் அசையவில்லை. ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாத வினைச்சொல் ஒன்று, எல்லார் முன்னாலும்.

"வை இஸ் தாத்தா ஹைடிங் ஹிஸ் ஹெட்?" என்று ஆதிரை கேட்டாள்.

அவள் கேட்ட பிறகுதான் பார்த்தேன், என் கை உச்சந்தலையில் இருந்தது.

சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது. காலேஜுக்குப் போன பிறகு நான் நேரே கேட்காத குரல். கொஞ்சம் கனத்திருக்கிறது.

"தாத்தாட்ட சொல்லு ஆதிரை. இந்த வீட்டுல யாரும் குட்ட மாட்டாங்கன்னு சொல்லு."

என்னிடம் சொன்னதில்லை, குழந்தையிடம் சொன்னது. ஆனால் தமிழில் சொன்னாள்.

"வாட் இஸ் குட்டு?" என்று ஆதிரை அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். பிறகு பாட்டியைப் பார்த்தாள். பிறகு போனில் என்னைப் பார்த்தாள்.

தெரியாதவருக்குத் தெரிந்தவர் நடித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் நடித்துக் காட்டவில்லை.

தலை அரித்தது, அதனால்தான் கை வைத்தேன். நாளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும்.